மீசை வைத்த தகப்பன்



வீட்டுக்கு மீன் தொட்டி வாங்கும்போது நடக்கிற ஒரு காட்சி இங்கே பலருக்கும் பழக்கமானது. கப்பி, மோலி, ஏஞ்சல், தங்க மீன் என்று பிள்ளைகள் கைகாட்டி முடித்த பிறகு, கடைக்காரர் கடைசியாக ஒன்று சொல்வார்: "கண்ணாடியில பாசி பிடிக்கும் சார், ஒரு சக்கர் போட்டுக்குங்க." பழுப்பு உடம்பில் வெளிறிய புள்ளிகளோடு, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் குட்டி மீன் ஒன்று பைக்குள் போகும். அது என்ன தின்னும், எவ்வளவு வளரும், ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. அழுக்கைத் தின்று தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று தொட்டியில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த மீனின் குடும்ப வாழ்க்கையைப் பற்றியதுதான் இந்த உரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாசி தின்னும் கெளுத்தி வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவது அரிய செயல் கிடையாது. சரியான மீனை வாங்கி, ஒரு பொந்தும் நல்ல தண்ணீரும் கொடுத்தால் அது தானாகவே குடும்பம் நடத்தும். அரிதாக இருப்பது குஞ்சுகள் பிழைத்து வளர்வதுதான். பொரித்து வெளியே வந்த 60 குஞ்சுகளில் ஒரு மாதத்துக்குப் பிறகு 10 மிஞ்சினால் அதிகம் என்று புலம்பாத புது வளர்ப்பாளர் குறைவு. அந்தச் சாவுகளில் பெரும்பங்கு பட்டினிச் சாவு. 'பாசி தின்னும் மீன்' என்ற பெயரை நம்பிச் சோறு போடாமல் விட்டதன் விளைவு.

கடைகளில் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் ஒரே பெயரில் விற்பவை பெரும்பாலும் இரண்டு வேறு மீன்கள். இரண்டும் கெளுத்திச் சாதி. இரண்டும் லோரிகாரிடே என்ற தென் அமெரிக்கக் குடும்பம். ஏறக்குறைய 1000 இனங்கள் கொண்ட இந்தக் குடும்பத்தைவிடப் பெரிய குடும்பம் கெளுத்திகளில் இல்லை. உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள். தலைக்கு அடியில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வாய். அந்த வாயில் பாசியைச் சுரண்டுவதற்கென்றே வரிசையாக மெல்லிய பற்கள்.

முதல் மீன் டெரிகோப்ளிக்திஸ். விரல் நீளத்தில் வாங்கி வந்தது சில ஆண்டுகளில் ஒரு முழத்தை நெருங்கிவிடும். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் மண்ணில் ஆழமாக வளை தோண்டி அதற்குள் முட்டையிடுவது இதன் பழக்கம். கண்ணாடித் தொட்டியில் தோண்டக் கரை ஏது? வீட்டில் குஞ்சு எடுக்க நினைப்பவருக்கு இது உதவாது.

இரண்டாவது மீன் அன்சிஸ்ட்ரஸ். மீன் வளர்ப்போர் பேச்சில் 'பிரிஸ்டில்நோஸ்'. எவ்வளவு வளர்ந்தாலும் 10 முதல் 13 சென்டிமீட்டர்தான். கடையில் இரண்டையும் குட்டியாக அடுத்தடுத்துப் பார்த்தால் குழப்பம் வரும். குழப்பம் தீர ஒரு வழி இருக்கிறது. மீன் முதுகுத் துடுப்பை விரிக்கும்வரை பொறுமையாக நின்று, முன்னால் உள்ள முள்ளை விட்டுவிட்டு, துடுப்பின் கதிர்களை எண்ண வேண்டும். அன்சிஸ்ட்ரஸுக்கு 7 இருக்கும். டெரிகோப்ளிக்திஸுக்குப் பெரும்பாலும் 10 அல்லது அதற்கு மேல். துடுப்பே பாய்மரம் போல நீண்டு நிற்கும். சென்னைக் கொளத்தூரின் மீன் கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்று கதிர் எண்ணுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் பல வருடத் தலைவலியைத் தவிர்க்கும்.

அன்சிஸ்ட்ரஸ் என்ற பெயரை 1854-ல் வைத்தவர் ருடால்ஃப் க்னெர் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர். கிரேக்கத்தில் அதற்குத் தூண்டில் கொக்கி என்று பொருள். மீனைக் கையில் பிடித்தவருக்குப் பெயரின் காரணம் உடனே புரியும்: கன்னத்து மூடியின் ஓரத்தில் வளைந்த முட்கள் கொத்தாக மடங்கிக் கிடக்கும், மிரண்டால் குடை போல விரியும். வலையில் மாட்டினால் எடுக்கவே வராது. அதனால் இந்த மீனை வலையால் பிடிக்காமல் டப்பாவில் ஓட்டிப் பிடிப்பதே நல்லது. இந்தப் பேரினத்தில் 60-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இக்குடும்பத்தில் பெயர் சூட்டப்படாத மீன்கள் ஏற்றுமதியில் வந்து குவிந்ததால், 1988-ல் ஜெர்மனியின் 'டாட்ஸ்' என்ற மீன் வளர்ப்பு இதழ் அவற்றுக்கு எல் என்ற எழுத்தோடு எண் போடத் தொடங்கியது. இன்றும் உலகம் முழுக்க அந்த எண்களில்தான் வியாபாரம் நடக்கிறது.

இனி மீசைக்கு வருவோம்.

வளர்ந்த ஆண் அன்சிஸ்ட்ரஸின் மூக்கிலும் நெற்றியிலும் சதைப்பற்றான இழைகள் கிளைவிட்டு நிற்கும். சில மீன்களில் சிறு பவளக்கொடி முளைத்தது போலவே இருக்கும். பெண்ணுக்கு உதட்டோரத்தில் மட்டும் குட்டையாகச் சில இழைகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த இழைகள் சார்லஸ் டார்வினையே தடுமாற வைத்தவை. 1871-ல் வெளியான 'மனிதனின் வழித்தோன்றல்' நூலில், இந்தக் குடும்பத்து ஆண் மீன்களின் தாடியையும் தலையில் முளைக்கும் மென்மையான இழைகளையும் அவர் குறிப்பிடுகிறார். மயிலின் தோகைக்கும் சிங்கத்தின் பிடரிக்கும் விளக்கம் தேடியவர், இங்கே வந்ததும் தயங்குகிறார். அலங்காரம் என்று சொல்லத் தோன்றவில்லை. ஆணுக்கு மட்டும் இருப்பதால் அன்றாடத் தேவைக்கானது என்றும் சொல்ல முடியவில்லை. பயன் இன்னதென்று ஊகிப்பது கடினம் என்று எழுதிவிட்டு மேலே போகிறார்.

128 ஆண்டுகள் கழித்து, 1999-ல், மார்க் சபாஜ், ஜோனதன் ஆர்ம்ப்ரஸ்டர், லாரன்ஸ் பேஜ் ஆகிய மூவர் அதற்கு ஒரு விடையை முன்வைத்தார்கள். அன்சிஸ்ட்ரஸில் முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண். இப்படிப்பட்ட மீன்களில், ஏற்கெனவே குஞ்சு வைத்திருக்கும் ஆணைத் தேடிப் போகும் பழக்கம் பெண்களிடம் பல இடங்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளை வளர்த்துக் காட்டியவன்தான் நம்பத் தகுந்தவன் என்ற கணக்கு. அப்படியானால், இன்னும் குஞ்சு இல்லாத ஆண் என்ன செய்வான்? அவன் முகத்தில் நெளியும் இழைகள், பொந்தின் இருட்டில் குஞ்சுகள் நெளிவது போலத் தோன்றிப் பெண்ணை அழைக்கின்றன என்பது அந்த மூவரின் கருத்து. புதிதாகப் பொரித்த அன்சிஸ்ட்ரஸ் குஞ்சுகள் பொந்தின் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டுவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்தைத் தள்ளிவிட மனம் வராது. பிள்ளை பிறக்கும் முன்பே தகப்பன் முகம் தெரிகிற மீன் இது.

இந்த மீன் காட்டில் எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தொட்டியில் செய்யும் தவறுகளில் பாதி குறையும். அதைத் தெரிந்துகொள்ள மேரி பவர் என்ற அமெரிக்கச் சூழலியலாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பனாமா நாட்டில் ரியோ ஃப்ரிஹோலெஸ் என்ற ஓடையில், அன்சிஸ்ட்ரஸையும் அதன் உறவு மீன்களையும் அவர் ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள் இறங்கி எண்ணினார். 1984-ல் வெளிவந்த அவரது கட்டுரைகள் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகின்றன.

அந்த ஓடை மடு மடுவாக ஓடுகிறது. சில மடுக்களில் வெயில் நன்றாக விழும். சிலவற்றை மரநிழல் மூடியிருக்கும். வெயில் விழும் மடுவில் பாசி வேகமாக வளரும். ஆனால் அந்த மடுக்களில் பாசி பொதிபொதியாகக் கிடக்கவில்லை. நிழல் மடுவில் இருந்த அளவுதான் அங்கும் இருந்தது. காரணம் மீன்களின் எண்ணிக்கை. பாசி எத்தனை மடங்கு வேகமாக வளர்கிறதோ ஏறக்குறைய அத்தனை மடங்கு கெளுத்திகள் அங்கே கூடியிருந்தன. நெருக்கமான வெயில் மடுவிலும் விரிந்த நிழல் மடுவிலும் மீன்கள் வளர்ந்த வேகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உணவு எங்கே இருக்கிறதோ அங்கே நகர்ந்து நகர்ந்து, பந்தியைச் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாசி தீண்டப்படாமல் தழைத்துக் கிடந்தது: ஓரத்து ஆழமில்லாத தண்ணீர். கோடையில் உணவு சுருங்கிய நாட்களிலும் பெரிய கெளுத்திகள் அந்தப் பக்கம் போகவில்லை. மேலே கொக்கும் மீன்கொத்தியும் காத்திருந்தன. வயிறு காய்ந்தாலும் உயிர்ப் பயம் அதைத் தடுத்தது.

இந்த இரண்டு செய்திகளையும் வீட்டுத் தொட்டிக்கு அப்படியே கொண்டுவரலாம். ஓடையில் பாசி தீர்ந்தால் மீன் அடுத்த மடுவுக்குப் போகும். தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி. தினம் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கும் தொட்டியில் ஒரு மீனுக்கே பாசி போதாது. 60 குஞ்சுகளுக்கு எப்படிப் போதும்? அதோடு, வெட்டவெளியில் வெளிச்சத்தில் மேய்வது இந்த மீனின் இயல்புக்கே ஆகாது. மறைவும் இருட்டும் இல்லாத தொட்டியில் தீனி கிடந்தும் பட்டினி கிடக்கும்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், அதாவது சுமார் 100 லிட்டர் இருந்தால் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் நிம்மதியாக வாழும். இரண்டு ஆண்களைச் சின்னத் தொட்டியில் விட்டால் பொந்துக்காகச் சண்டை வரும். தோற்றது மூலையில் கிடந்து மெலியும். மீன்களுக்கு ஒரு வயது நெருங்கியிருக்க வேண்டும். அதற்குமுன் மீசையை நம்பி ஜோடி சேர்ப்பது ஏமாற்றத்தில் முடியும்.

பொந்து முக்கியம். ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்த குழாய். ஆண் உள்ளே நுழைந்தால் இருபுறமும் கொஞ்சம்தான் இடம் மிச்சம் இருக்க வேண்டும். நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர், வாய் அகலம் 4 முதல் 5 சென்டிமீட்டர். மூங்கில் கணு, மண் குழாய், பிவிசி பைப் எதுவானாலும் சரி. கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தவர்களிடமும் முட்டையிட்டிருக்கிறது. பெரிய பொந்தாக வைத்தால் வசதியாக இருக்குமே என்று நினைப்பது மனிதக் கணக்கு. வாசலைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொள்ள முடிகிற இடத்தைத்தான் ஆண் தேர்ந்தெடுக்கும். ஏன் என்பது முட்டையிடும் இரவில் தெரியும்.

தாய் தகப்பனுக்குத் தீனி: வெள்ளரி, சுரைக்காய், பூசணி, பாலக் கீரை, தோலுரித்த பச்சைப் பட்டாணி. தோல் சீவி, வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஸ்டீல் ஸ்பூனில் செருகி மாலையில் இறக்கினால் காலையில் விதையும் நாரும் மட்டும் கிடக்கும். கூடவே ஸ்பைருலினா கலந்த வில்லைகள். வாரம் ஒன்றிரண்டு முறை கொஞ்சம் புரதம். முட்டை வைக்கப்போகும் பெண்ணுக்குக் காய்கறி மட்டும் போதாது. மரத்துண்டு ஒன்றையும் தொட்டியில் போடுவது நல்லது. இந்த மீன்கள் மரத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஆனால் மரமே சாப்பாடு என்று விட்டுவிடக் கூடாது. மரம் தின்பதற்குப் பேர்போன பனாக் என்ற உறவு மீன்களின் குடலை ஆராய்ந்த டானவன் ஜெர்மன் 2009-ல் எழுதிய கட்டுரை தெளிவாகச் சொல்கிறது: மரம் நான்கு மணி நேரத்துக்குள் குடலைக் கடந்துவிடுகிறது, அதன் நார்ப்பொருளைச் செரித்துச் சத்தாக்க அவற்றால் முடிவதில்லை. பேர்போன மீன்களுக்கே அந்த நிலை என்றால் அன்சிஸ்ட்ரஸைக் கேட்கவே வேண்டாம். மரத்தின் மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய அது உதவும், அவ்வளவே.

முட்டையிடத் தூண்டுவது மழை. தென் அமெரிக்க ஓடைகளில் மழைக்காலம் வந்தால் புதுத்தண்ணீர் பெருகும், சூடு இறங்கும். தொட்டியில் அதே உணர்வைக் கொடுக்க, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியான நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சிரமம்கூடத் தேவைப்படாது. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் குளிர்ந்துவிடும். சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டும்போது குஞ்சு எடுக்க முயல்வது மீனை வதைப்பது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜனைத் தாங்கும். 32-ல் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். பெரிய மீன் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே மூச்சுவிட்டுச் சமாளிக்கும். பொந்தின் அடியில் கிடக்கும் முட்டைக்கு அந்த வழி இல்லை.

ஆண் தயாராகிவிட்டதற்கு அடையாளம் வீடு கூட்டுவது. நாள் முழுக்கப் பொந்துக்குள் கிடந்து, வாயால் சுவரைத் தேய்த்து, வாலால் குப்பையை வெளியே தள்ளும். வாசலில் தலையை நீட்டி மீசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். முட்டை நிறைந்த பெண் பருத்த வயிற்றோடு வந்து வாசலில் தயங்கும், போகும், மறுபடி வரும். இந்த ஊசலாட்டம் சில நாட்கள்கூட நீளும். ஓர் இரவில் பெண் உள்ளே போய்விடும். ஆண் பின்னாலேயே நுழைந்து வாசலை அடைத்துக்கொள்ளும். இதற்குத்தான் இறுக்கமான பொந்து. முட்டையிட்டு முடியும்வரை பெண் வெளியே வர வழியில்லை. விடிந்து பார்த்தால் பெண் ஒரு மூலையில் துடுப்புக் கிழிந்து களைத்துக் கிடக்கும். அதன் வேலை முடிந்தது.

டார்ச் விளக்கில் சிவப்புக் காகிதம் சுற்றி, பொந்தின் வாசலில் சாய்வாக அடித்துப் பார்த்தால் முதலில் தெரிவது ஆணின் வால். அது விசிறிக்கொண்டே இருக்கும். வால் ஒதுங்கும் நொடியில், பின்சுவரோரம் பழுத்த ஆரஞ்சு நிறத்தில், மிளகைவிடச் சற்றுச் சிறிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்து தெரியும். 20-ம் இருக்கலாம், 100-க்கு மேலும் இருக்கலாம். வால் திரும்ப வந்து மறைத்துவிடும். பக்கத்துத் துடுப்புகளாலும் வாலாலும் இரவும் பகலும் முட்டைகளுக்கு மேல் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த மீன், அந்த நாட்களில் ஏறக்குறைய ஒன்றும் தின்பதில்லை. வாசலில் வெள்ளரித் துண்டை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. வெளுத்துப் போன முட்டையை வாயால் எடுத்து அப்புறப்படுத்தும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். வாங்கும்போது தொட்டி கழுவ என்று வாங்கிய மீன், கடைசியில் தன் முட்டையைக் கழுவிக் காக்கிறது.

எல்லா ஆணும் முதல் முறையிலேயே நல்ல தகப்பன் ஆகிவிடுவதில்லை. இளம் ஆண் முதல் கொத்தைப் பொந்துக்கு வெளியே தள்ளிவிடுவது சாதாரணம். யாராவது அடிக்கடி பொந்தைத் தூக்கிப் பார்த்தாலும் அதுதான் நடக்கும். தள்ளிய முட்டைக் கொத்தை ஆணிடம் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. தொட்டிக்குள் தொங்கும் சிறு பெட்டியில் வைத்து, ஏர் ஸ்டோன் குமிழிகள் முட்டையை மெல்ல அசைக்கும்படி வைத்தால் போதும். தகப்பன் வால் செய்யும் வேலையைக் காற்று செய்யும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகி பூஞ்சையை ஓரளவு அடக்கும். நம் கடற்கரை ஊர்களில் தெருவில் உதிர்ந்து கிடக்கும் அந்த இலை வெளிநாட்டு மீன் கடைகளில் கட்டுக்கட்டாக விலைக்குப் போகிறது. வெளுத்த முட்டைகளைத் தினமும் எடுத்துவிட வேண்டும்.

27 டிகிரியில் நாலைந்து நாளில் பொரிக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு வாரம் ஆகும். பொரித்தது மீன் போலவே இருக்காது. பெரிய மஞ்சள் கருப் பை, அதன் முனையில் கண்ணும் வாலும் ஒட்ட வைத்தது போல ஒரு துடிப்பு. ஆனால் வாய் மட்டும் முதல் நாளே வேலை செய்யும். சுவரைக் கவ்விக்கொண்டு கிடக்கும். அந்தக் கருப் பை கரைய இன்னும் நாலைந்து நாள். இந்த நாட்களில் தீனி போடுவது தண்ணீரைக் கெடுக்க மட்டும் உதவும்.

முட்டையிட்டு 10 நாட்கள் கடந்ததும் பொந்தின் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் அளவில், அப்பனை அச்சாக உரித்த குட்டி ஒன்று எட்டிப் பார்க்கும். ஆண் அதை உள்ளே தள்ளப் பார்க்கும். மறுநாள் ஐந்து, அடுத்த நாள் இருபது. பிறகு தடுக்க முடியாது. இரவோடு இரவாகக் கண்ணாடி முழுக்கச் சிதறிவிடும். இங்கேதான் ஆபத்தும் தொடங்குகிறது.

மஞ்சள் கருப் பை இருந்தவரை குஞ்சு தாயின் சேமிப்பில் வாழ்ந்தது. அது தீர்ந்த நாளிலிருந்து அதற்கு இடைவிடாத மேய்ச்சல் தேவை. பாசியில் சத்து குறைவு. அதனால் உடம்பைப்போலப் பல மடங்கு நீளமான குடல் சுருள் சுருளாக வயிற்றில் மடிந்திருக்கும். அந்தக் குடல் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. மற்ற மீன் குஞ்சு ஒருவேளைத் தீனியில் அடுத்த வேளைவரை தாங்கும். இது தாங்காது. காலையில் ஒரு வில்லை போட்டுவிட்டு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவரின் தொட்டியில், மூன்றாவது வாரம் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். சடலம்கூடக் கண்ணில் படாது. நத்தையும் மற்ற மீன்களும் முடித்துவிடும். வளர்ப்பவர் "என்ன நோயோ" என்று மருந்து வாங்கி ஊற்றுவார். தாமிரம் கலந்த மருந்தும் அதிக உப்பும் இந்த மீன்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மிச்சமும் போகும்.

நோயா பசியா என்று அறிய மருத்துவர் வேண்டாம். குஞ்சு கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிறு முழுக்க வெளியே தெரிகிறது. தோல் அவ்வளவு மெல்லியது. உள்ளே குடல் சுருள் தெரியும். வயிறு உருண்டு, தின்ற கீரையின் பச்சையோ பூசணியின் மஞ்சளோ தெரிந்தால் நலம். உள்ளே குழிந்து கண்ணாடியைத் தொடாமல் இருந்தால், அந்தக் குஞ்சுக்குச் சில நாட்கள்தான் மிச்சம். தினமும் காலையில் காபிக் குவளையோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து பத்து வயிற்றைப் பார்த்துவிடுவதைவிடச் சிறந்த பரிசோதனை இல்லை.

ஆகவே, ஏதாவது ஒரு காய் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். முதல் வாரம் வெந்நீரில் நன்றாக மெத்தென்று ஆன சுரைக்காய், பாலக் கீரை; பிறகு வெள்ளரி. ஒரே இடத்தில் போடாமல் மூன்று நான்கு இடத்தில் போட்டால் வலுவில்லாத குஞ்சுக்கும் கிடைக்கும். பழைய துண்டை 12 மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் புதிதைப் போட வேண்டும். இன்னொரு நல்ல வழியைப் பல வளர்ப்பாளர்கள் கையாள்கிறார்கள். முட்டை தெரிந்த நாளே வழவழப்பான கூழாங்கற்களைத் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். குஞ்சுகள் வெளிவரும் நேரத்தில் கல் முழுக்க இளம்பாசி படர்ந்திருக்கும். முறை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கலாம். ரியோ ஃப்ரிஹோலெஸின் வெயில் மடுவை ஒரு வாளியில் கொண்டுவந்தது போல.

இவ்வளவு தீனி போட்டால் தண்ணீர் கெடாதா? கெடும். தீனியும் கழிவும் அழுகி அம்மோனியா ஆகும். அம்மோனியாவின் நச்சுத்தன்மை தண்ணீரின் காரத்தைப் பொறுத்தது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது, பி.எச். 8 என்றால் அதுவே 5 பங்கு ஆகிவிடும். காரமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் குஞ்சு ஏன் அதிகம் சாகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு நாளைக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் ஏர் பம்ப் ஓட விட்டுப் பயன்படுத்த வேண்டும். பவர் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிக் கொன்றுவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் அதைவிட மலிவு, பாதுகாப்பு. அதன் பஞ்சின் மேலேயே குஞ்சுகள் மேய்ந்து கொண்டிருக்கும். தொட்டியை அப்படியே கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி "புதுசு போல" ஆக்குவதை மட்டும் செய்யக் கூடாது. அம்மோனியாவைத் தின்னும் நல்ல நுண்ணுயிர்களை அதோடு சாக்கடையில் ஊற்றிவிடுகிறோம்.

முதல் ஒரு மாதத்தைத் தாண்டிய குஞ்சு சுலபத்தில் சாகாது. இரண்டு மாதத்தில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். அரை வயது நெருங்கும்போது ஆண் குஞ்சுகளின் உதட்டோரத்தில் முதல் முளை தெரியும். பழுப்பு நிறத் தாய் தகப்பனுக்குத் திடீரென நாலில் ஒரு பங்கு வெள்ளைக் குஞ்சுகள் பிறந்து வியப்பில் ஆழ்த்துவதும் உண்டு. இரண்டு பேரும் வெண்மைக்கான மரபணுவை ஒளித்து வைத்திருந்தால் அப்படி வரும்.

இனி ஒரு கவலையான விஷயம். நன்றாகத் தின்னும் ஜோடி ஒன்று மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை முட்டையிடும். தடவைக்கு 50 குஞ்சு பிழைத்தாலும் ஓராண்டில் 400-ஐத் தொடும். நண்பர்கள், உறவினர், பள்ளித் தொட்டி என்று கொடுத்து முடித்தபின் மீதியை என்ன செய்வது? குளத்தில் விடுவது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. முழ நீளம் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போன டெரிகோப்ளிக்திஸை யார் யாரோ இரக்கப்பட்டு நீர்நிலைகளில் விட்டதன் பலனைத் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலங்கள் என்று பல இடங்களில் மீனவர்கள் சுமக்கிறார்கள். இலங்கையில் மகாவலியின் பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலும் அது குடியேறிவிட்டது. மெக்சிகோவின் இன்ஃபியர்நில்லோ நீர்த்தேக்கத்தில் திலேப்பியா மீன்பிடித் தொழிலையே அது நிலைகுலைய வைத்தது. வலையில் மாட்டினால் எலும்புத் தகடும் முள்ளும் வலையைக் கிழிக்கின்றன; சந்தையில் வாங்க ஆளில்லை; கரை முழுக்க வளை. ஆக்சிஜன் வற்றிய குட்டையிலும் காற்றை விழுங்கி வாழும் திறமையே அங்கே எமனாகிவிட்டது. அன்சிஸ்ட்ரஸும் காற்றை விழுங்கத் தெரிந்த மீன்தான்.

எனவே குஞ்சுக்கு இடம் உறுதியாகும்வரை முட்டையைத் தள்ளிப்போடுவது வளர்ப்பவரின் பொறுப்பு. அது எளிது. தொட்டியிலிருந்து பொந்தை எடுத்துவிட்டு மறைவுக்கு மரத்துண்டை மட்டும் விட்டால் பெரும்பாலும் முட்டையிடாது. அல்லது பெண்களை வேறு தொட்டிக்கு மாற்றலாம்.

மாற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். கடைசிக் குஞ்சு பொந்தைவிட்டு வெளியேறிய இரவில் ஆண் முதல்முறையாக வெள்ளரித் துண்டுக்கு வரும். மெலிந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும். நாலைந்து நாள் விடாமல் தின்னும். பிறகு ஒரு காலையில் பொந்துக்கு வெளியே புதிதாகக் குப்பை தள்ளப்பட்டிருக்கும், உள்ளிருந்து சுவரைத் தேய்க்கும் வால் மட்டும் தெரியும். இரண்டாவது பெண் வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருக்கும்.